பழி கேட்கும் ஆவியும் பழி தீர்க்கும் பேயும்: ஓர் ஒலித்தொடர் குறித்து

நாட்டார் கதைகளிலும் நாடகங்களிலும் பழிவாங்க வரும் ஆவிகளைப் பற்றிய விரிவுரைத் தொடர் ஒன்றைக் கட்டணம் செலுத்தி ஒலிவடிவில் கேட்டு முடித்தேன். பேய் என்றவுடன் அலறலையும் ஊளையையும் பின்னணியில் சேர்க்கும் வழக்கம் இதில் இல்லை என்பதே முதல் நிறைவு. விரிவுரையாளர் காட்சியை முழுமையாகச் சொல்லி முடித்த பிறகே விளக்கத்துக்குப் போகிறார்.

செத்தவர் தம் பழியைத் தாமே தீர்க்கிறாரா, உயிரோடிருப்பவரிடம் ஒப்படைக்கிறாரா என்பதே தொடர் முழுவதும் எழுப்பப்படும் கேள்வி. கி.மு. 458இல் அரங்கேறிய, கிரேக்க நாடகாசிரியர் ஈஸ்கிலசின் 'யூமெனிடிஸ்' நாடகத்தில், மகன் கையால் மாண்ட கிளைட்டம்நெஸ்ட்ராவின் ஆவி, உறங்கும் பழித்தெய்வங்களைக் கடிந்து எழுப்பிவிட்டு மறைகிறது. பின்னர் ஏதென்சில் வழக்கு நடக்கும்போது அவள் அங்கே வருவதே இல்லை. ஆங்கில நாடகாசிரியர் தாமஸ் கிட்டின் 'ஸ்பானிஷ் டிராஜெடி'யில் ஆந்திரேயாவின் ஆவி பார்வையாளனாக அமர்ந்திருக்கிறது. ஷேக்ஸ்பியரின் நாடகத்தில் ஹாம்லெட்டுடைய தந்தையின் ஆவி பழிதீர்க்குமாறு மகனை ஏவுகிறது. மகனோ வந்தது சாத்தானாக இருக்கலாம் என்று ஐயுற்று, வேறு சான்று தேடி அரசவையில் ஒரு நாடகத்தை நடத்துகிறான். ஆவியின் சாட்சியம் எந்த அளவு செல்லும் என்னும் இந்தப் பகுதி மிகத் தெளிவாக அமைந்துள்ளது.

அதைவிடச் சிறந்தது ஜப்பானிய கபுகி நாடகமான 'யோட்சுயா கைதான்' பற்றிய உரை. 1825இல் எடோவில் (இன்றைய டோக்கியோ) முதன்முறை நடிக்கப்பட்டபோது, தலைவனுக்காகப் பழிதீர்க்கும் 47 வீரர்களின் கதையான 'சூஷிங்குரா'வுடன் இடையிடையே பின்னி, இரண்டு நாள் நிகழ்ச்சியாக அதை அளித்தார்கள். மனைவி ஓயிவாவின் சாவுக்குக் காரணமான இயெமோனும் அதே தலைவனிடம் பணிசெய்தவன்தான். ஊர் போற்றும் பழியையும், நஞ்சால் முகம் சிதைந்த ஒரு பெண் தானே தேடிக்கொள்ளும் பழியையும் ஒரே மேடையில் பார்த்தவர்களுக்கு என்ன தோன்றியிருக்கும் என்று விரிவுரையாளர் பொறுமையாக ஆராய்கிறார்.

இவ்வளவு செய்தவர் பழையனூர் நீலியை அவசரமாகக் கடந்துவிட்டது எனக்கு உண்மையிலேயே வருத்தம் அளித்தது. முற்பிறவியில் தன்னைக் கொன்ற கணவன் வணிகனாகப் பிறந்து வர, நீலி கள்ளிக் கொம்பைக் குழந்தையாக்கி இடுப்பில் ஏந்திக்கொண்டு ஊர்ப் பெரியவர்கள்முன் முறையிடுகிறாள்; அவனுக்குக் கேடு வந்தால் எங்கள் உயிரைத் தருவோம் என்று வாக்களித்து அவனை அவளோடு அனுப்பிய வேளாளர் 70 பேரும், அவன் மாண்டதும் தீயில் இறங்குகிறார்கள். கிரேக்க ஆவிக்கு வாய்க்காத வழக்குமன்றம் இவளுக்கு வாய்க்கிறது. பொய்ச் சாட்சியத்தை நம்பிய அம்மன்றமே அதற்கு விலை கொடுக்கிறது. இவ்விருவரையும் அருகருகே வைத்துப் பேசியிருந்தால் தொடரின் கேள்வியே வேறு ஆழத்துக்குப் போயிருக்கும். தென்மாவட்டங்களில் நீலியை இசக்கியாகப் பாடும் வில்லுப்பாட்டிலிருந்து ஓர் அடிகூட ஒலிக்கவில்லை. செவிக்கென்றே உருவாக்கிய தொடரில் இதைப் பொறுத்துக்கொள்ள இயலவில்லை.

ஒலிப்பதிவு தெளிவாக உள்ளது. நாடகம் பயில்வோர் தயங்காமல் வாங்கலாம். கபுகி உரையிலிருந்து தொடங்குவது நல்லது. நாட்டார் வழக்காற்றுக்காக மட்டும் வாங்க நினைப்பவர்கள், நீலிக்குக் கூடுதல் இடம் தரும் பதிப்பு வரும்வரை காத்திருக்கலாம்.