ஆவணியில் ஓடு மாற்றினோம்: காரைக்குடிப் பக்கத்து ஓட்டுவேலைக் குழுவைப் பற்றி

கண்டனூரில் எங்களுடையது நாட்டு ஓடு வேய்ந்த இரண்டு கட்டு வீடு. 2018 நவம்பர் 16 விடியற்காலை வேதாரண்யம் பக்கம் கரையேறிய கஜா புயல், அப்படியே மேற்கே நகர்ந்து எங்கள் பக்கமும் வந்தது. நாங்கள் கடற்கரை ஊர் இல்லையே என்று அன்று ராத்திரி நிம்மதியாகப் படுத்தோம். விடிந்தபோது வளவில் ஓட்டுச் சில்லு, முற்றத்தில் வேப்பங்கிளை, பட்டாலை என்கிற கூடம் வரை தண்ணீர். அதற்குப் பிறகு இரண்டு முறை ஆள் வைத்துச் சரி பார்த்தோம். சிமெண்டை அப்பிவிட்டுப் போனார்கள். அடுத்த கோடையில் அது வெடித்துவிட்டது.

இந்த ஆவணியில்தான் காரைக்குடிப் பக்கத்திலிருந்து ஒரு குழுவைக் கூப்பிட்டோம். மேஸ்திரி ஏணி போடுவதற்கு முன்னால், "ஆச்சி, அன்னைக்குக் காத்து முதல்ல எந்தப் பக்கமிருந்து வந்துச்சு?" என்று கேட்டார். வடக்கேயிருந்து வந்தது, விடியும்போது தெற்கே மாறியது என்றேன். வங்கக் கடலிலிருந்து மேற்கே போகிற புயல் அப்படித்தான் சுழலும், அதனால் இரண்டு சரிவையும் பார்க்க வேண்டும் என்றார். முன்பு வந்தவர்கள் ஒழுகின வடக்குச் சரிவை மட்டும்தான் தொட்டிருந்தார்கள்.

என் அண்ணன் மகன் ஒடிசாவில் பாராதீப்பில் வேலை பார்க்கிறான். கூரை மேல் மணல் மூட்டை அடுக்கச் சொல்லிப் போனில் ஒரே பிடிவாதம். மேஸ்திரி ஒப்புக்கொள்ளவில்லை. தகரக் கூரை மூட்டையைத் தாங்கும், நாட்டு ஓடு நொறுங்கிவிடும் என்றார். அவர் சொன்னதுதான் சரி. ஆனால் அவன் பயத்திலும் நியாயம் இருக்கிறது. 1999 அக்டோபர் 29 அன்று அந்தக் கரையில் ஏறிய புயலில் கடலே ஊருக்குள் வந்து, பத்தாயிரம் பேர் அளவுக்குச் செத்துப்போனார்கள். அங்கே முதல் வேலை வீட்டை விட்டு மேட்டுக்குப் போவது. 2019 மே மாதம் ஃபானி வந்தபோது பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை முன்கூட்டியே அப்புறப்படுத்தினார்கள். குஜராத்தில் இருக்கும் என் மகளுக்குப் புயல் என்றால் 2021 மே மாதத்து டௌக்தேயில் கிர் பக்கத்துத் தோப்புகளில் உதிர்ந்த கேசர் மாம்பழம். சென்னைக்காரர்களுக்கு மிக்ஜாம். அது கரையேறியது ஆந்திராவில் பாபட்லா பக்கம், வெள்ளத்தில் மூழ்கியதோ சென்னை.

எங்களுக்குக் கடல் வராது. கரையேறிய புயலுக்குக் கடலின் சூடும் ஈரமும் கிடைக்காததால் அது தளர்ந்துதான் வரும். ஆனாலும் ஓட்டைக் கிளப்ப அந்தக் காற்று போதும். இறவாணத்துக்கு, அதாவது கூரை விளிம்புக்கு, கீழே புகுந்து மேலே தூக்கும். இந்தக் குழு அதைத் தெரிந்து வேலை செய்தது. முகட்டையும் இறவாணத்தையும் சுண்ணாம்புக் காரையில் பதித்தார்கள். உளுத்துப்போன கைமரம் நான்கை மாற்றினார்கள். இரண்டு சரிவு கூடும் பள்ளமான கூடுவாயில் அடைத்திருந்த வேப்பஞ்சருகை மட்டும் மூன்று சாக்கு அள்ளினார்கள். கஜா அன்று தண்ணீர் உள்ளே இறங்கியதற்கு அந்த அடைப்பும் ஒரு காரணம் என்று அப்போதுதான் புரிந்தது.

குறையும் உண்டு. சொன்ன நாளுக்கு ஐந்து நாள் கழித்துத்தான் வந்தார்கள். உடைந்த ஓட்டை முகப்பிலேயே குவித்துவிட்டுப் போனார்கள், அதை அள்ளத் தனியாக ஆள் பிடித்தோம். கூலி மட்டும் 42,000 ரூபாய், பழைய ஓடு வாங்கியது தனிக் கணக்கு. மலிவு இல்லைதான், ஆனால் செய்த வேலைக்குத் தகும்.

ஐப்பசி அடைமழையில் பட்டாலையில் ஒரு சொட்டு இல்லை. பெரிய காற்று இன்னும் வரவில்லை, அதையும் பார்த்துவிட்டு எழுதுகிறேன். கூப்பிட நினைப்பவர்கள் ஆடியிலேயே சொல்லி வையுங்கள். புரட்டாசி பிறந்தால் அவர்களைப் பிடிக்க முடியாது, நனைந்த ஓட்டில் ஏறவும் மாட்டார்கள்.