கடைமடைக் கணக்கும் கினி கெழுவும்: ஒன்பது ஆண்டு அனுபவம்

தாமிரபரணியின் கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில், தண்ணீர் முதலில் சேரும் தலைமடைக்காரருக்கும் கடைசியில் சேரும் கடைமடைக்காரருக்கும் நெல் எப்படிப் பங்காகிறது என்பதை, கார், பிசானம் என்ற இரு நெல் பருவங்களிலும் வீடு வீடாகக் கேட்டு ஒன்பது ஆண்டுகளாக எழுதி வருகிறேன். பெரியவர்கள் இன்னும் கோட்டை என்ற பழைய நெல்லளவில் சொல்வதைக் கிலோவாக மாற்றிக்கொண்டு, 1912இல் இத்தாலியப் புள்ளியியலாளர் கொராடோ கினி தந்த ஏற்றத்தாழ்வுக் கெழுவைத்தான் முதலில் போட்டுப் பார்த்தேன். எல்லோருக்கும் சமமாகக் கிடைத்தால் 0, எல்லாம் ஒருவருக்கே போனால் ஏறத்தாழ 1 என்பதால், ஊர்க்கூட்டத்தில் விளக்குவதற்கு அதைவிட எளிதான அளவு வேறில்லை.

ஆனால் அது மறைப்பதும் உண்டு. ஓர் ஊரில் பாதிப்பேருக்கு நிலமே இல்லை, மீதிப்பாதி சமமாக வைத்திருக்கிறது என்று கொள்வோம். இன்னோர் ஊரில் முக்கால்வாசிப்பேர் கால்பங்கு நிலத்தையும், எஞ்சியவர்கள் முக்கால்பங்கையும் தமக்குள் சமமாகப் பிரித்திருக்கிறார்கள். இரண்டுக்கும் கினி 0.5தான். குறைவாக உள்ளவரிலிருந்து வரிசையாகப் பங்கைக் கூட்டிக் காட்டும் லாரென்ஸ் வளைகோட்டை வரைந்தால் வேறுபாடு உடனே தெரிந்துவிடும். பொருளியலாளர் ஹென்றி தெய்லின் ஏற்றத்தாழ்வுக் குறியீடும் 0.69, 0.55 என்று பிரித்துக் காட்டும். மொத்த ஏற்றத்தாழ்வில் தலைமடைக்கும் கடைமடைக்கும் இடையே உள்ளது எவ்வளவு, ஒவ்வொன்றின் உள்ளேயே உள்ளது எவ்வளவு என்று மிச்சமின்றிப் பகுத்துத் தருவதால், என் வேலைக்குத் தெய்லே உகந்தது. இரண்டு பரவல்கள் வேறுபடுகின்றனவா என்று பார்க்கும் கோல்மோகோரோவ்–ஸ்மிர்னோவ் சோதனையையும் சில பருவங்கள் பயன்படுத்தினேன். பரவலின் நடுப்பகுதியில் உள்ள விலகலை அது நன்றாகப் பிடிக்கிறது. ஓரங்களில் மந்தம், கடைமடைக்காரரோ அந்த ஓரத்தில்தான் இருக்கிறார்.

எல்லாவற்றையும்விடப் பெரிய பிழை சூத்திரத்தில் இல்லை, என் நோட்டில் இருந்தது. விளையாத வயலுக்கு நேரே கட்டத்தை வெறுமையாக விட்டு வந்தேன். ஒரு கார் பருவ முடிவில் கடைமடைப் பெரியவர் ஒருவர் நோட்டை எட்டிப்பார்த்து, "ஒண்ணும் வெளையலன்னு எழுதுங்க அண்ணாச்சி, எழுதாம விட்டுராதிய" என்றார். வீட்டுக்கு வந்து கணக்கிட்டேன். விளைந்த 18 வீடுகளுக்குள் கினி 0.30 என்றால், விளையாத 2 வீடுகளையும் சேர்த்ததும் அது 0.37 ஆகிறது, அவர்களை விட்டுவிட்டால் பஞ்சம் கூடக்கூட ஊர் சமமாகி வருவதுபோலக் கணக்கு காட்டும். தெய்லின் முதல் சூத்திரம் சுழியத்தை ஏற்கும், மடக்கைச் (log) சராசரியால் அமைந்த இரண்டாவது, சுழியத்துக்கு மடக்கை இல்லாததால், ஏற்காது என்பதால் முதலாவதையே வைத்துக்கொண்டேன். பழைய நோட்டுகளையும் ஆளாளாகத் திரும்பக் கேட்டுத் திருத்தினேன். இப்போது வெற்றுக்கட்டம் என்றால் ஆளைப் பார்க்க முடியவில்லை என்று மட்டுமே பொருள். விளையாத வயலுக்கு 0.