பழைய காரைப் புதிதாக்கித் தருகிறோம் என்றார்கள், 18,500 ரூபாய் போயிற்று

கும்பகோணம், மன்னார்குடி பக்கம் பழைய கார் வாங்கிவிட்டு, உள்ளும் புறமும் சுத்தம் செய்து தரும் கடையைத் தேடிக்கொண்டிருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு வண்டியை எடுங்கள். கடையின் பெயரை இங்கே எழுதவில்லை, அது புகாரில் இருக்கிறது. புறவழிச்சாலையில் கண்ணாடி முகப்பும் கூரை முழுக்க விளக்கு வரிசையும் வைத்திருக்கும் டீடெய்லிங் கடை. இப்போதைக்கு அந்த அடையாளம் போதும். கொடுத்தது 18,500 ரூபாய். கையில் இருப்பது ஒரு வாரண்டி அட்டை.

வண்டி 2017 மாடல் செடான், கருநீலம். முன்பு வைத்திருந்தவர் வேதாரண்யத்துக்காரர். எஞ்சினில் குறை சொல்ல எதுவுமில்லை. ஆனால் உப்புக் காற்றும், வாசல் வேப்பமரத்துக் காக்கை எச்சமும், போர் தண்ணீரில் கழுவிக் கழுவிப் படிந்த வெள்ளைப் புள்ளிகளுமாகப் பெயின்ட் பார்க்கச் சகிக்காமல் இருந்தது. உள்ளே விதைநெல் மூட்டை ஏற்றியிருப்பார்கள் போலிருக்கிறது, சீட்டு இடுக்கெல்லாம் உமி. சித்திரையில் வீட்டில் ஒரு கல்யாணம் வருகிறது. அதற்குள் வண்டியை ஒழுங்காக்கிவிடலாம் என்றுதான் அங்கே போனேன்.

அந்தக் கடை முதலாளி பேசியதை எழுதியே ஆக வேண்டும், ஏனென்றால் இனி வருகிறவர்களிடமும் இப்படித்தான் பேசப் போகிறார். முதலில் விலையே சொல்லவில்லை. பானட்டின் நடுவில் ஒரு டேப்பை ஒட்டி, ஒரு பக்கத்தை மட்டும் மெஷினால் தேய்த்துக் காட்டினார். அந்தப் பக்கத்தில் என் முகம் தெரிந்தது. அதன்மேல் எதையோ தடவித் தண்ணீர் தெளித்தார், முத்து முத்தாக உருண்டு ஓடியது. "இதுதான் செராமிக் கோட்டிங் அண்ணே, மூன்று வருடத்துக்குக் கவலையில்லை" என்றார். பெயின்டின் மேல் கெட்டியாக ஒட்டி அதைக் காக்கும் பூச்சு அது. பிறகு முன்சீட்டின் அடியில் கைவிட்டு ஒரு நெல்மணியை எடுத்து என் உள்ளங்கையில் வைத்து, "இப்படியே விட்டால் வண்டிக்குள் நாற்று முளைத்துவிடும்" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். "சீட்டையெல்லாம் கழற்றி, கார்பெட்டைத் தூக்கி, வெயிலில் காயவைத்துத்தான் மாட்டுவோம். நமக்கு மன்னார்குடியா? என் சின்னம்மா வீடு ஹரித்ராநதிக் கரையில்தான் இருக்கிறது." சின்னம்மாவையே இழுத்துவிட்ட ஆளிடம் யார் ரசீது கேட்பார்கள்? நான் கேட்டேன். வண்டியை எடுக்கும்போது தருவதாகச் சொன்னார். மருந்து பாட்டில் வாங்க வேண்டும் என்று முழுத் தொகையையும், 18,500 ரூபாயையும், அங்கேயே போனில் அனுப்பச் சொன்னார். அனுப்பினேன்.

வண்டியைக் கொடுத்தது இருட்டிய பிறகு, அந்த விளக்கு வரிசையின் கீழே. தகதகவென்று மின்னியது. டேஷ்போர்டைத் தொட்டால் விரலில் எண்ணெய் ஒட்டியது. உள்ளே மல்லிகை வாசனையை மூக்கு அடைக்கும் அளவுக்கு அடித்து வைத்திருந்தார்கள். ரசீது புத்தகம் தீர்ந்துவிட்டதாம். அதற்குப் பதிலாக ஒரு வாரண்டி அட்டை கொடுத்தார்கள். அதில் கையெழுத்து இல்லை, வண்டி எண்கூட இல்லை.

மறுநாள் வெயிலில் பார்த்தபோது வட்ட வட்டமாக மெஷின் கீறல். பானட்டின் மடிப்பு விளிம்பில் நிறம் வெளுத்து அடிப்பூச்சு எட்டிப் பார்த்தது. பெயின்டின் மேலே இருக்கும் கிளியர் கோட் என்ற நிறமில்லாத பூச்சு பொதுவாக 40, 50 மைக்ரான் கனம்தான், ஒரு தலைமுடியின் தடிமன்கூட இல்லை. விளிம்புகளில் அது இன்னும் மெல்லியது. அங்கே ரப்பிங் காம்பவுண்ட் என்ற தேய்ப்புப் பசையைப் போட்டு மெஷினை நிறுத்தித் தேய்த்தால் சூட்டில் போய்விடும், மறுபடி பெயின்ட் அடிப்பதைத் தவிர வழியில்லை. அடுத்த வாரம் கார் ஷாம்பு போட்டுக் கழுவினேன். முத்தும் போயிற்று, மினுக்கும் போயிற்று. செராமிக் என்று சொல்லிப் பூசியது வெறும் மெழுகு.

உள்ளே அதைவிட மோசம். மல்லிகை அடங்கியதும், ஊறிப்போன கோணிச்சாக்கு மாதிரி ஒரு நாற்றம் கிளம்பியது. கதவோரம் கார்பெட்டைத் தூக்கி அடியிலிருக்கும் பஞ்சு மெத்தையைப் பிழிந்தேன், அழுக்குத் தண்ணீர் ஒழுகியது. சீட்டு போல்ட்டுகளைப் பார்த்தேன். ஸ்பானர் பட்ட தடயமே இல்லை, போல்ட்டின் தலையைச் சுற்றி வேதாரண்யத்து மண்ணும் உமியும் அப்படியே இறுகிக் கிடந்தன. கழற்றவே இல்லை! கழற்றாமலே தண்ணீரை அடித்திருக்கிறார்கள். இப்போது ஏர்பேக் விளக்கு அணையாமல் எரிகிறது. சீட்டுக்கு அடியில் போகும் மஞ்சள் கனெக்டர் நனைந்திருக்கும் என்கிறார் மெக்கானிக்.

போன் செய்தால், "மார்கழிப் பனி அண்ணே, எல்லா வண்டியிலும் ஈரவாடை வரும்" என்றார். மாசி பிறந்து, சம்பா அறுப்பே முடிந்துவிட்டது. நேரில் போனால், முதலாளி திருச்சிக்குப் போயிருக்கிறார் என்றான் பையன். முதலாளியின் பைக் வாசலில் நிற்கிறது. ஒருவழியாக ஆள் அகப்பட்டபோது, விளிம்பில் பெயின்ட் முன்பே போயிருந்தது என்றார். தேய்த்துக் காட்டிய அன்று "பெயின்ட் அருமையாக இருக்கிறது, மேல் அழுக்குதான்" என்று சொன்னதும் இதே வாய். கடைசியில் வந்தது இன்னும் அழகு: வெளியே கழுவியதால் வாரண்டி போய்விட்டதாம், 1,500 ரூபாய் கட்டினால் 'பராமரிப்புப் பூச்சு' போட்டுத் தருவாராம். 18,500 ரூபாயைத் திருப்பிக் கேட்டேன். அன்று இரவே வாட்ஸ்அப்பில் என்னைத் தடுத்துவிட்டார். கடையின் விளம்பரப் பக்கத்தில் மட்டும் விளக்கின் கீழ் மின்னும் என் கார், நம்பர் பிளேட்டோடு, இன்னும் இருக்கிறது.

என்ன செய்யலாம் என்று விரிவாக எழுத நினைத்தேன், கை நடுங்குகிறது. சுருக்கமாகச் சொல்கிறேன். முழுப் பணத்தை முன்பே கொடுக்காதீர்கள். என்னென்ன வேலை என்று ரசீதில் எழுதி வாங்குங்கள். ரசீது தர மறுப்பதே 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். வண்டியை உச்சி வெயிலில் மட்டும் வாங்குங்கள், இரவில் வேண்டவே வேண்டாம். சீட்டைக் கழற்றியதற்குப் படம் கேளுங்கள். கார்பெட்டை அழுத்திப் பாருங்கள். ஏமாந்துவிட்டால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும்.

நான் 1915-இல் பதிந்துவிட்டேன். பணம் அனுப்பிய பதிவு, பிழிந்தபோது எடுத்த வீடியோ, போல்ட்டுகளின் படம் எல்லாம் சேர்த்தாயிற்று. ஏர்பேக்குக்கு என்ன செலவாகும் என்று மெக்கானிக் நாளை சொல்கிறார். அந்தத் தொகையும் 18,500-உடன் சேர்ந்துதான் ஆணையத்துக்குப் போகும்.