ஸ்லானா, மோர் தேன் ஹ்யூமனா?

குன்னூரில் மழை பிடித்து கரண்டும் போகிற சாயங்காலங்களுக்கு, அதிசய சக்தியுள்ள அனாதைப் பையன் கதை எதை எடுக்கலாம் என்று தம்பி ஒருத்தர் கேட்டார். வான் வோட்டின் ‘ஸ்லான்’ (1940இல் தொடர்கதை), ஸ்டர்ஜனின் ‘மோர் தேன் ஹ்யூமன்’ (1953), இரண்டும் ஆங்கில அறிவியல் புனைகதை நாவல்கள், இவற்றில் ஒன்று.

வேகம்: ஸ்லான்தான். ஒன்பது வயது ஜாமி, மனதைப் படிப்பவன், அம்மாவைக் கொன்றவர்களிடமிருந்து ஓடுகிறான், முதல் பக்கமே இழுத்துவிடும். மற்றது மெதுவாகத்தான் சூடேறும்.

ஆட்கள்: இங்கேதான் ஸ்லான் எனக்குப் பெரிய ஏமாற்றம். அம்மாவை இழந்த பையனின் துக்கம் எங்கே போனது? அப்பா விட்டுப்போன ஆயுதம் கிடைக்கிறது, விண்கலத்தைக் கைப்பற்றுகிறான், பையன் காணாமல் போய் வெறும் மேதை மிஞ்சுகிறான். ஸ்டர்ஜனிடம் அனாதை இல்லத்திலிருந்து ஓடிவந்த ஜெர்ரி, தொடாமலே பொருளை நகர்த்தும் ஜேனி, பேசாத குழந்தை என்று தனித்தனியே அரைகுறையானவர்கள், சேர்ந்தால்தான் முழு உயிர். அந்த ஏக்கம் நிஜமாகவே வலிக்கிறது.

முடிவு: ஸ்லானில் ரகசியமெல்லாம் கடைசிப் பக்கங்களில் அவசரமாகக் கொட்டப்படும். ஸ்டர்ஜன் ‘சக்தி இருக்கிறது, சரி, அறம்?’ என்று கேட்டு நிற்கிறார்.

மலை ரயிலில் மேட்டுப்பாளையம் இறங்கும்போது படிக்க ஸ்லான் போதும். காசு கொடுத்து வாங்கி வைத்துக்கொள்வதென்றால் ஸ்டர்ஜன்.