எம்ஜிபி இரட்டை எஸ்யூ கார்புரேட்டர்: மூணு வருஷம் ஓட்டிப் பார்த்ததில்

வண்டி 1967 எம்ஜிபி, பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார். பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்ப, ஒன்றரை அங்குல எஸ்யூ ஹெச்எஸ்4 கார்புரேட்டர் இரண்டு. புதுச்சேரி முதலியார்பேட்டைக்கு வந்த புதிதில் ஐடிலிங்கே நிற்காது. சிக்னலில் ஆக்சிலரேட்டரை மிதித்தபடியே நிற்கணும், பின்னால் கருப்புப் புகை.

எல்லாரையும் போல நானும் முதலில் ரிப்பேர் கிட்தான் வாங்கினேன். ஆன்லைனில் மலிவாகக் கிடைத்தது. பிரித்தால், பெட்ரோல் வெளிவரும் சிறு குழாயான ஜெட் ரெண்டும் ஒரே பக்கத்துக்கானது. இந்த வண்டியில் முன் ஜெட் வேறு, பின் ஜெட் வேறு. ஜெட்டுக்குப் பெட்ரோல் கொண்டுவரும் நைலான் குழாய் திரும்பும் பக்கம் மாறும். விற்றவரைக் கேட்டால், "எல்லாம் ஒண்ணுதான் சார்." கடைசியில் இங்கிலாந்து சாலிஸ்பரியில் உள்ள, எஸ்யூ பாகங்கள் செய்யும் பர்லன் தயாரிப்பையே வரவழைத்தேன். சுங்கவரி கொஞ்சம் கடித்தது.

அதைப் போட்டும் ஐடிலிங் ஏறி இறங்கியது. அம்பாசடர் எஸ்யூவில் கை பழகிய நெல்லித்தோப்பு மெக்கானிக் அண்ணன் வந்து, ஓடுகிற இன்ஜினில், காற்று வழியைத் திறந்து மூடும் தகட்டின் அச்சான த்ராட்டில் ஷாஃப்ட்டின் முனையில் கார்ப் கிளீனரை ஒரு சீறு சீறினார். ரேஸ் சட்டென்று மாறியது.

"தம்பி, ஜெட்டு மேல பழி போடாத. ஷாஃப்ட்டே ஆடுது பாரு. காத்து அந்த வழியா போவுது."

மேட்டுப்பாளையம் லேத்தில் ஷாஃப்ட் உட்கார்ந்து சுழலும் வளையத்தை, அதாவது புஷ்ஷை, பித்தளையில் கடைந்து போட்டோம். முதல் முறை ரெண்டு முனையும் ஒரே நேர்கோட்டில் வராமல் த்ராட்டில் இறுகிவிட்டது. கழற்றி, ரெண்டு புஷ்ஷையும் ஒரே ரீமரால் (துளையை இழைக்கும் கருவி) ஒரே மூச்சில் இழைத்த பிறகுதான் விரலால் தட்டினாலே மூடிக்கொண்டது. மொத்த வேலையில் உயிர்நாடி இதுதான். ஷாஃப்ட் ஆட்டத்தைச் சரிசெய்யாமல் கிட்டுக்குச் செலவழிப்பது தண்டம்.

நடுவில் நான் செய்த ஒரு கூத்து: ரெண்டு பிஸ்டனையும் ஒரே பேசினில் போட்டுக் கழுவி, அவற்றின் மேல்மூடியான டாஷ்பாட்டை மாற்றிப் பூட்டிவிட்டேன். அவை ஜோடி ஜோடியாகப் பொருந்துபவை. ஒன்று பாதியிலேயே சிக்கி நின்றது. கழற்றும்போதே கீறல் போட்டு அடையாளம் வையுங்கள்.

ட்யூனிங் பெரிய வித்தை இல்லை. ஜெட்டுக்கு அடியிலுள்ள ஆறு முக நட்டை மேலே முட்டும்வரை ஏற்றி, 12 முகம், அதாவது ரெண்டு சுற்று, இறக்கினால் ஆரம்ப செட்டிங். பிறகு ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதிலும் மறுமுனையை கார்புரேட்டர் வாயிலும் வைத்து, ரெண்டு சீறலும் ஒன்றாகும்வரை ஐடிலிங் திருகாணியைத் திருகணும். பிஸ்டனைத் துளி தூக்கினால் ரேஸ் லேசாக ஏறி அடங்கணும். ஏறியபடியே இருந்தால் பெட்ரோல் அதிகம், அணைந்தால் குறைவு. பிஸ்டன் சட்டென்று எழாமல் தடுக்கும் டேம்பரில் ஆயில் வற்றினால் திடீரென மிதிக்கும்போது ஒரு விக்கல் வரும்; மாதம் ஒருமுறை பார்க்கிறேன்.

மூணு வருஷத்தில் புஷ் அசையவில்லை. எத்தனால் கலந்த பெட்ரோலுக்காக விட்டான் (பெட்ரோலைத் தாங்கும் ஒருவகை ரப்பர்) முனை நீடில் வால்வு போட்டதும் சரியான முடிவு. தொல்லை தருவது, பெட்ரோல் தேங்கும் ஃப்ளோட் கிண்ணத்தில் நைலான் குழாய் நுழையும் இடத்து ரப்பர் மட்டும்தான். ரெண்டாவது முறையாகப் போன வாரம் கசிந்தது. தரையில் இப்போதும் ஒரு தட்டு வைத்திருக்கிறேன், புது ரப்பர் வரவேண்டும்.