தார்ச்சாலைத் திரிபுக் கணக்கு: ஓடெமார்க்கா, ஐஐடிபேவா, ஃபைனைட் எலிமென்ட்டா?

பல்லடத்துக்குத் தெற்கே கரிசலில் ஒரு சாலை என்று வைத்துக்கொள்வோம். மேலே 100 மி.மீ. தார்க்கலவை, கீழே 450 மி.மீ. ஜல்லி, அதற்கும் அடியில் நான்கு நாள் ஊறவைத்துச் சோதித்ததில் சி.பி.ஆர். (மண்ணின் தாங்குதிறனைக் காட்டும் எண்) 4 வந்த மண். வண்டி ஏறும்போது இதனுள் உண்டாகும் தகைவையும் (உள்ளழுத்தம்) திரிபையும் (நீட்சி, நசுங்கல்) எதில் கணக்கிடுவது?

ஓடெமார்க் 1949-இல் சொன்ன வழிக்குக் கால்குலேட்டர் போதும். தார்ச்சாலை வடிவமைப்புக்கான இந்திய நெறிமுறை ஐ.ஆர்.சி. 37-இன்படி மண்ணின் விறைப்பு 40 மெகாபாஸ்கல், ஜல்லிக்கு 125, தாருக்கு 3000. ஒவ்வொரு அடுக்கும் மண்ணைவிட எத்தனை மடங்கு விறைப்போ, அதன் கனமூலத்தால் தடிமனைப் பெருக்குங்கள். எல்லாவற்றையும் கூட்டி 0.8-ஆல் பெருக்கினால், 550 மி.மீ. சாலை ஏறத்தாழ 865 மி.மீ. மண்ணுக்குச் சமம். அப்புறம், ஒரே சீரான மண்ணில் மேல்சுமை கீழே எப்படிப் பரவும் என்று சொல்லும் பூசினெஸ்க்கின் 1885-ஆம் ஆண்டுச் சூத்திரம்தான். எந்த அடுக்கு எவ்வளவு சுமக்கிறது என்பது கைக்கணக்கிலேயே புரிந்துவிடும். ஆனால் தாரின் அடிப்பக்கத்தில் வரும் இழுவைத் திரிபுக்கு இதை நான் நம்ப மாட்டேன்.

அதற்கு ஐஐடிபேவ் என்ற கணினி நிரல்தான் சரி. பர்மிஸ்டர் 1943-இல் தொடங்கிவைத்த அடுக்குக் கோட்பாட்டில் ஓடுகிறது. 310 மி.மீ. இடைவெளியில் 20 கிலோநியூட்டன் சக்கரங்கள் இரண்டு, அழுத்தம் 0.56 மெகாபாஸ்கல் என்று கொடுத்தால் நொடியில் விடை. குறை என்னவென்றால், சாலை பக்கவாட்டில் முடிவே இல்லாமல் நீள்வதாக அது எடுத்துக்கொள்ளும். நம் கிராமத்துச் சாலையின் அகலமோ 3.75 மீட்டர். எதிரே பஸ் வந்தால் கோழித்தீவன லாரி இடப்பக்கச் சக்கரத்தை மண்ணில் இறக்கித்தான் ஆகவேண்டும். ஓரம் அங்கேதான் நொறுங்குகிறது. அடுக்குகள் நன்றாக ஒட்டியிருப்பதாகவும் அது கொள்ளும். புழுதியைக் கூட்டாமல் டேக் கோட் (அடுக்குகளை ஒட்டவைக்கும் தார்ப்பூச்சு) அடித்த இடத்தில் அதுவும் பொய்.

ஓரம், அடுக்குகளின் வழுக்கல் இரண்டையும், சாலையைச் சிறு துண்டுகளாகப் பிரித்துக் கணக்கிடும் ஃபைனைட் எலிமென்ட் முறை காட்டும். பெயர்ந்துபோன சாலையில் காரணம் தேட அதை எடுப்பேன். புதுச் சாலைக்கு வேண்டாம். அது கேட்கும் மண் விவரங்கள் நம்மிடம் பெரும்பாலும் இருக்காது.

ஆக, ஐஐடிபேவில் வடிவமைத்து ஓடெமார்க்கில் சரிபார்ப்பேன். எனக்குப் பெரிய கவலை மண்ணின் எண்தான். ஊறவைக்காமல் சி.பி.ஆர். 7 என்று எழுதிவிட்டால் 40 மெகாபாஸ்கல் 61 ஆகிவிடும், மூன்று முறைகளும் அதை அப்படியே நம்பும். சக்கரத்தடம் பள்ளமாகும் கணக்கில், மண்ணின் மேற்பரப்பில் வரும் திரிபின் 4.5337-ஆம் படிக்கு ஏற்ப ஆயுள் குறைகிறது. நிஜத்தில் திரிபு கணக்கிட்டதைவிட 20 சதவீதம் கூடினாலே ஆயுளில் பாதிக்குமேல் போய்விடும். பி.ஏ.பி. (பரம்பிக்குளம்–ஆழியாறு) பாசன வாய்க்காலில் தண்ணீர் விட்டபிறகு சாலையோரக் குழியில் ஒரு பிடி கரிசலை எடுத்துப் பாருங்கள். கோடையில் கடப்பாறைக்கு மசியாத மண், விரலிடுக்கில் பிதுங்கி வழியும்.