‘ராக் பெக்’ என்ற பெயரை மட்டும் நம்பி வாங்காதீர்கள்

பிரிட்டனில் கேரவன் (காரின் பின்னால் இழுத்துச் செல்லும் வீட்டு வண்டி) விடுமுறைக்குப் போகிற தமிழ்க் குடும்பங்கள் இப்போது நிறைய. எங்கள் நட்பு வட்டத்திலேயே பலர் பழைய கேரவன் வாங்கிவிட்டு, ஆனிங் (கேரவன் பக்கவாட்டில் கட்டும் துணிக் கூடாரம்), அதைத் தரையில் பிடித்துவைக்கும் முளை, கயிறு என்று ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டிருக்கிறார்கள். ஆன்லைன் சந்தையில் ஒரு விற்பனையாளர் எங்களை ஏமாற்றிய விதத்தை அவர்களுக்காகத்தான் எழுதுகிறேன். முளைக்குக் கொடுத்த பணம் இருபது பவுண்டுக்கும் குறைவு. ஆனால் அந்த முளைகளால் கிழிந்தது பல நூறு பவுண்டு ஆனிங்.

பீக் டிஸ்ட்ரிக்ட் என்ற மலைப்பகுதியில், கேரவன்கள் தங்கும் ஒரு சைட்டில் இடம் பிடித்திருந்தோம். பிட்ச் (கேரவனை நிறுத்த ஒதுக்கிய இடம்) ஹார்ட்ஸ்டாண்டிங், அதாவது புல் கிடையாது, ஜல்லி கொட்டி ரோலர் விட்டு இறுக்கிய தரை. அந்தப் பக்கம் முழுக்க சுண்ணாம்புக்கல் பூமி. பக்ஸ்டன் ஊரைச் சுற்றி எங்கும் குவாரிகள்தான். உடைத்த சுண்ணாம்புக்கல் பொடியும் கல்லுமாகக் கலந்து மழையில் நனைந்து காய்ந்தால் கிட்டத்தட்ட கான்கிரீட் மாதிரி இறுகிவிடும். ஆனிங்கோடு வருகிற மெல்லிய கம்பி முளைகளும் மஞ்சள் பிளாஸ்டிக் முளைகளும் புல்தரைக்குத்தான் சரி. இது தெரிந்துதான் கல்தரைக்கென்றே விற்கிற ராக் பெக்கைத் தேடி வாங்கினோம்.

விற்பனைப் பக்கத்தில் ‘ஹெவி டியூட்டி, ஹார்டன்டு ஸ்டீல், கல்தரைக்கும் ஹார்ட்ஸ்டாண்டிங்குக்கும் ஏற்றது’ என்று எழுதியிருந்தது. படத்தில் பென்சிலை விடத் தடிமனான கம்பி, கூரான முனை, மேலே நீல பிளாஸ்டிக் கொக்கி. இருபது முளை, பெட்டியோடு. பிரிட்டனிலிருந்தே அனுப்புவதாகவும் போட்டிருந்தார்கள். வந்த பார்சலில் பார்வைக்கு எல்லாம் அப்படியேதான் இருந்தது. அதே நீலம், அதே பெட்டி.

பிட்ச்சில் முதல் முளையை அடித்தபோதே என் மச்சான் சொல்லிவிட்டான், “அத்தான், இது உள்ள போகல, வளையுது.” வேறு இடத்தில் அடித்துப் பார்த்தோம். முனை ஒரு கல்லில் முட்டியதும் கம்பி நடுவில் மடங்கியது. மூன்றில் ஒன்றுதான் பாதியாவது இறங்கியது, மற்றவை கொடுக்காப்புளி மாதிரி சுருண்டன. சிலவற்றில் கம்பி நின்றது, ஆனால் பிளாஸ்டிக் தலை பிளந்தது. இருட்டிக்கொண்டு வந்ததால், இறங்கிய முளைகளை மூலைகளுக்கும் இழுகயிறுகளுக்கும் பங்கிட்டுக் கட்டிவிட்டுப் படுத்தோம்.

இரவு காற்று எடுத்தது. புயல் ஒன்றும் இல்லை, அந்த மலைப்பக்கத்தில் சாதாரணமாக அடிக்கிற காற்றுதான். காற்றுப் பக்கத்து மூலை முளை பிடுங்கிக்கொண்டது. ஒரு மூலை விட்டால் அந்தச் சுமை முழுவதும் பக்கத்து முளைக்குப் போகும், அதுவும் விடும். நாங்கள் எழுந்து வெளியே வருவதற்குள் முளை மாட்டுகிற வளையத்தோடு துணி தையலில் கிழிந்து, ஆனிங்கைத் தாங்கும் ஒரு கால் வளைந்திருந்தது. என் மனைவியும் பெண்ணும் மழையில் நின்று துணியைப் பிடித்துக்கொண்டிருந்ததை நினைத்தால் இப்போதும் கோபம் வருகிறது. கூடவே பிடுங்கிய முளை கயிற்றோடு சுழன்று கேரவன் பக்கவாட்டில் அடித்தது. அந்த இடத்தில் யாராவது நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

வீட்டுக்கு வந்து, தடிமனைத் துல்லியமாக அளக்கும் வெர்னியர் காலிப்பரால் கம்பியை அளந்தேன். விற்பனைப் பக்கத்தில் 8 மி.மீ. என்று போட்டிருந்த கம்பி 6 மி.மீ. தான் இருந்தது. இரண்டு மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். ஆனால் ஒரே எஃகில் கம்பியின் விறைப்பு விட்டத்தின் நான்காம் அடுக்கில் கூடும். 8 மி.மீ. கம்பி 6 மி.மீ. கம்பியை விட மூன்று மடங்குக்கும் மேல் விறைப்பானது. நீளத்தின் கதை இதற்கு நேர் எதிர். தலையில் அடிக்கும்போது மடங்காமல் தாங்கும் திறன் நீளம் கூடக் கூட வேகமாகக் குறைகிறது. 20 செ.மீ. முளையோடு ஒப்பிட்டால் அதே தடிமனில் 30 செ.மீ. முளை பாதிக்கும் குறைவான விசையிலேயே மடங்கும். நீளமான முளைதான் வலுவானது என்ற எண்ணம் மணலுக்கும் இளகிய மண்ணுக்கும் பொருந்தும். இறுகிய ஜல்லியில் குட்டையான தடித்த முளைதான் வேலை செய்யும்.

ஏமாற்றை வாங்கும் முன்பே பிடிக்க ஒரு வழி இருக்கிறது. எடையைப் பாருங்கள். 20 செ.மீ. நீளமும் 8 மி.மீ. தடிமனும் உள்ள எஃகுக் கம்பி ஏறக்குறைய 79 கிராம் இருக்கும். இருபது முளை என்றால் இரும்பு மட்டுமே ஒன்றரைக் கிலோவைத் தாண்ட வேண்டும். 6 மி.மீ. என்றால் 44 கிராம்தான், இருபதும் சேர்ந்து ஒரு கிலோவைத் தொடாது. விற்பனைப் பக்கத்தின் அடியில் பொருளின் எடை என்று ஒரு வரி பெரும்பாலும் இருக்கும். எங்களுக்கு விற்ற பக்கத்திலும் இருந்தது, அந்த எடை 8 மி.மீ.க்குப் பொருந்தவே இல்லை. படத்தையும் தலைப்பையும் மாற்றி எழுதுகிறவர்கள் தபால் செலவுக்காக எடையை மட்டும் உண்மையாகப் போட்டுவிடுகிறார்கள்.

தலையையும் கவனியுங்கள். நல்ல ராக் பெக்கில் எஃகுத் தலை பிளாஸ்டிக்குக்கு மேலே துருத்திக்கொண்டு நிற்கும், சுத்தியல் எஃகில்தான் படும், பிளாஸ்டிக் கொக்கி அதற்குக் கீழே கயிற்றைப் பிடிப்பதோடு சரி. எங்களுக்கு வந்ததில் எஃகு பிளாஸ்டிக்குக்குள் புதைந்திருந்தது. ஒவ்வொரு அடியும் பிளாஸ்டிக்கில் விழுந்தால் அது பிளக்காமல் என்ன செய்யும்? தலை போனால் கயிறு கம்பி வழியாக நழுவி வெளியே வந்துவிடும்.

இனி விற்பனையாளர் நடந்துகொண்ட விதம். மரியாதைக்குக் குறைவே இல்லை, ஒவ்வொரு செய்திக்கும் ‘அன்புள்ள நண்பரே’ என்று பதில். முதலில் படம் கேட்டார்கள், அனுப்பினேன். பிறகு அடிக்கிற வீடியோ கேட்டார்கள். அப்புறம் பதினைந்து சதவீதம் திருப்பித் தருகிறோம், முளைகளை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். மறுத்ததும் முப்பது. அதையும் மறுத்ததும், இது கல்தரைக்கான முளை அல்ல, நீங்கள் தவறாகப் பயன்படுத்திவிட்டீர்கள் என்று எழுதினார்கள். அவர்கள் பக்கத்திலேயே கல்தரைக்கு என்று எழுதியிருந்ததைக் காட்டியபோது, சரி, பொருளைத் திருப்பி அனுப்புங்கள் என்று ஒரு வெளிநாட்டு முகவரியைக் கொடுத்தார்கள், தபால் செலவு என்னுடையது. அந்தச் செலவு முளையின் விலையை விட அதிகம். நாட்களை இழுத்தடிப்பதுதான் திட்டம் என்பது அப்போது முழுதாகப் புரிந்தது.

ஏனென்றால் நாள் கணக்கு இங்கே முக்கியம். பிரிட்டனில் 2015-ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, வணிகர் விற்ற பொருள் விவரித்தபடி இல்லையென்றாலோ தரமில்லை என்றாலோ 30 நாளுக்குள் நிராகரித்து முழுப் பணத்தையும் கேட்கலாம். அதைத் தாண்டினால் முதலில் பழுதுபார்க்கவோ மாற்றித் தரவோ அவர்களுக்கு ஒரு வாய்ப்புக் கொடுக்க வேண்டியிருக்கும். விவரித்தபடி இல்லாத பொருளைத் திருப்பி அனுப்பும் நியாயமான செலவும் விற்றவருடையதுதான். ஆனால் கடை வெளிநாட்டில் இருந்தால் சட்டம் உங்கள் பக்கம் இருந்தும் அவர்களை எட்டிப் பிடிப்பது கஷ்டம். ஆகவே பேச்சு நீளும்போதே, ‘இந்தப் பொருளை நிராகரிக்கிறேன், முழுப் பணமும் வேண்டும்’ என்று தேதியோடு எழுத்தில் அனுப்பிவிடுங்கள். பகுதித் தொகையை ஏற்றுக்கொண்டால் பிரச்சினை தீர்ந்துவிட்டதாகக் காட்டிவிடுவார்கள்.

எங்களுக்குக் கைகொடுத்தது வங்கிதான். கிரெடிட் கார்டில் ஒரு பொருளின் விலை 100 பவுண்டுக்கு மேல் 30,000 வரை இருந்தால் 1974-ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டத்தின் 75-ஆம் பிரிவில் கார்டு நிறுவனத்திடமே கேட்கலாம். முளை மாதிரி சின்னப் பொருளுக்கு அது பொருந்தாது, அதற்கு சார்ஜ்பேக், அதாவது கட்டிய பணத்தை விற்றவரிடமிருந்து திரும்ப எடுத்துத் தரும்படி நம் வங்கியிடம் கேட்கும் வழி உண்டு. அது சட்டம் அல்ல, கார்டு நிறுவனங்களின் விதி, டெபிட் கார்டுக்கும் செல்லும், கால வரம்பும் உண்டு. விற்பனைப் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட், காலிப்பரில் வைத்த படம், செய்திகள் எல்லாம் அனுப்பினேன். முளைக்கான பணம் திரும்பி வந்தது. ஆனிங்கைத் தைத்ததற்கும் புதுக் காலுக்கும் ஆன செலவு வரவில்லை, விற்றவர் அதற்குப் பதிலே எழுதவில்லை.

மாற்று என்ன என்று கேட்பீர்கள். அந்தக் காலையில் பக்கத்துப் பிட்ச் பெரியவர் ஒருவர் பேட்டரி ட்ரில்லோடு வந்து காட்டியதைத்தான் இப்போது நாங்களும் செய்கிறோம். தச்சு வேலைக்கு விற்கிற கோச் ஸ்க்ரூ என்ற தடித்த திருகாணி, 10 மி.மீ. தடிமன், 15 செ.மீ. நீளம், துத்தநாகப் பூச்சு உள்ளது. தலைக்குக் கீழே ஒரு பெரிய வாஷர், அதை இறக்க 17 மி.மீ. சாக்கெட் போட்ட இம்பாக்ட் டிரைவர் என்ற திருகும் கருவி. கல்லை உடைக்காமல் கற்களுக்கு நடுவே வழி தேடி இறங்குகிறது, கிளம்பும்போது எதிர்ப்பக்கம் சுழற்றினால் வந்துவிடுகிறது. கேரவன் கடைகளில் இதற்கென்றே செய்த திருகு முளைகளும் உண்டு. அவற்றிலும் முழு பிளாஸ்டிக்கில் இருப்பவை இறுகிய ஜல்லியில் முறிகின்றன, எஃகில் உள்ளதையே கேளுங்கள். சுத்தியல்தான் வசதி என்பவர்கள் கடைக்கு நேரில் போய் ஒரு முளையைக் கையில் எடுத்துப் பார்த்து வாங்குங்கள்.

பதிவு செய்யும்போதே சைட்டுக்குப் போன் போட்டு, ஆனிங் ஜல்லியில் வருமா, ஓரத்துப் புல்லில் வருமா, எவ்வளவு ஆழம் வரை முளை அடிக்க விடுவீர்கள் என்று கேட்டுவிடுங்கள். பிட்ச்சுக்கு அடியில் மின் கேபிளும் தண்ணீர்க் குழாயும் போகலாம். எங்கே அடிக்கக்கூடாது என்று சைட்டைப் பார்த்துக்கொள்கிற வார்டனுக்குத் தெரியும்.

இதை எழுதும் முன் ஒருமுறை தேடிப் பார்த்தேன். அதே நீலத் தலை, அதே பெட்டி, அதே படம், இப்போது வேறொரு கடைப் பெயரில் விற்பனைக்கு இருக்கிறது. தடிமன் 8 மி.மீ. என்றுதான் போட்டிருக்கிறார்கள். எடை என்ற வரியை மட்டும் எடுத்துவிட்டார்கள்.